கையில் இல்லாததை விற்ற சந்தை: குவைத் வரலாறு தரும் படிப்பினை

 



அரபு மொழியில் ‘மனாக்’ என்றொரு சொல் உண்டு. பயணம் முடிந்து வரும் ஒட்டகத்தை மண்டியிடச் செய்து சுமை இறக்கும் இடம் என்பது அதன் பொருள். குவைத் நகரின் பழைய பகுதியில் அப்படியோர் இடம் இருந்தது. பாலைவன வணிகர்கள் அங்கே ஒட்டகங்களைக் கொண்டுவந்து விற்றார்கள். காலம் மாறியது. வாகன நிறுத்துமிடத்துடன் கூடிய, குளிரூட்டப்பட்ட கட்டடம் அங்கே எழுந்தது. பழைய பெயரே அதற்கும் நிலைத்து, ‘ஸூக்குல் மனாக்’ என்று அழைக்கப்பட்டது.

ஒட்டகம் வாங்குபவர் அதன் பல்லைப் பார்ப்பார். நடக்க விட்டுப் பார்ப்பார். விலையைக் கையில் கொடுத்துவிட்டுக் கயிற்றைக் கையில் வாங்குவார். புதிய சந்தையில் விற்கப்பட்டவையோ கம்பெனிகளின் பங்குகள். விலையாகக் கொடுக்கப்பட்டவை, பல மாதங்கள் கழித்த தேதியிட்ட காசோலைகள். 1982ஆம் ஆண்டு அந்தச் சந்தை சரிந்தபோது, நிலுவையில் நின்ற காசோலைகளின் மதிப்பு ஏறத்தாழ 9,400 கோடி அமெரிக்க டாலர் என்று கணக்கிடப்பட்டது. அன்று குவைத்தின் மக்கள்தொகை, வெளிநாட்டவரையும் சேர்த்து, சுமார் 15 இலட்சம்தான். பச்சிளங் குழந்தை உட்பட ஒவ்வொரு தலைக்கும் 60,000 டாலருக்கு மேல் கடன்!

எண்ணெய் வளத்தை அல்லாஹ் அள்ளிக் கொடுத்த ஒரு முஸ்லிம் நாட்டில் இது எப்படி நேர்ந்தது? வங்கியும் பங்குச் சந்தையும் நாணய மாற்றும் ஒரு நாட்டின் வாழ்வில் என்ன செய்கின்றன? மார்க்கம் அவற்றுக்கு எங்கே எல்லை வகுத்திருக்கிறது? இவற்றை நாம் அறிந்துகொள்வது அவசியமாகும். ஏனெனில் அதே ஆசை இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியில் வந்து கதவைத் தட்டுகிறது.

முத்தும் கடனும்

எண்ணெய்க்கு முன்னர் குவைத் மக்களின் வாழ்வாதாரம் கடலாகவே இருந்தது. முத்துக்குளித்தலும், இந்தியா, கிழக்கு ஆப்பிரிக்கா வரை பாய்மரக் கப்பலில் செய்த வணிகமுமே அவர்களுக்குச் சோறு போட்டன. முத்துக்குளிப்பவர் பருவம் தொடங்குமுன் கப்பல் தலைவரிடம் முன்பணம் வாங்கிக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போவார். போதிய முத்து கிடைக்காத ஆண்டில் முன்பணம் கடனாக நிற்கும். அடுத்த ஆண்டு அதன்மேல் இன்னொரு முன்பணம் ஏறும். வளைகுடாக் கரையோரங்களில் தந்தையின் கடன் மகன் தலையில் விழுந்து, மகனும் அதே கப்பலில் மூழ்கப் போன குடும்பங்கள் ஏராளம்.

1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்துக்கள் உலகச் சந்தைக்கு வந்தன. அதே வேளையில் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. முத்து வணிகம் வீழ்ந்தது. அந்த வறுமையின் நடுவே, 1938ஆம் ஆண்டு புர்கான் என்னுமிடத்தில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946இல் முதல் எண்ணெய்க் கப்பல் புறப்பட்டது. கடனில் பிறந்து கடனில் இறந்த தந்தையரின் பிள்ளைகள், அல்லாஹ்வின் அருளால் ஒரே தலைமுறையில் செல்வந்தர்களாயினர்.

ரூபாய் போய் தினார் வந்தது

நம்மில் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. அந்நாளில் குவைத்தின் கடைவீதியில் புழங்கிய பணம் நம் இந்திய ரூபாய்தான். பஹ்ரைன், கத்தர் உள்ளிட்ட வளைகுடாப் பகுதிகளிலும் அதுவே புழங்கியது. ரூபாயைக் கொடுத்து அங்கே தங்கம் வாங்கி இந்தியாவுக்குள் கடத்துவது பெருகியது. அங்கே சேர்ந்த ரூபாய்க்கு ஈடாக இந்தியா தன் அந்நியச் செலாவணியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி, வளைகுடாவில் மட்டும் செல்லும் தனி ரூபாய் நோட்டை வெளியிட்டது. மக்கள் அதை ‘வளைகுடா ரூபாய்’ என்றனர்.

1961 ஏப்ரல் முதல் தேதி குவைத் தன் சொந்த நாணயமாகிய தினாரை வெளியிட்டது. பதின்மூன்றே மூன்றிலொரு பங்கு ரூபாய்க்கு ஒரு தினார் என மாற்றிக் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் நாடு முழு விடுதலை பெற்றது. 1966இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது, அதுவரை ரூபாயையே பயன்படுத்திவந்த அண்டை ஆட்சிப் பகுதிகள் திகைத்து வேறு நாணயத்துக்கு மாறின. குவைத் அந்த அதிர்ச்சியிலிருந்து தப்பியது.

நோட்டு என்பது ஓர் அரசின் வாக்குறுதி. பின்னால் நிற்கும் அரசு உறுதியாக இருக்கும்வரை அதற்கு மதிப்பு உண்டு. 1990இல் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது இது கண்கூடாயிற்று. ஈராக்கிய தினாரைவிடப் பன்மடங்கு மதிப்புள்ள குவைத் தினாரை, ஈராக்கிய தினாருக்குச் சமம் என்று அறிவித்தார்கள்; பிறகு அதையும் செல்லாததாக்கினார்கள். அப்போது அம்மான் வழியாக நாடு திரும்பிய இந்தியர்கள் ஏறத்தாழ 1,70,000 பேர். ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த தினாரை மாற்ற வழியின்றித் தவித்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். விடுதலைக்குப் பின் 1991 மார்ச் மாதம் புதிய நோட்டுகள் வெளிவந்தன.

தந்தை அடைத்த சூதுக் கடன்

எண்ணெய்ப் பணம் வந்தபின் அதைக் காத்துப் பெருக்க நிறுவனங்கள் தேவைப்பட்டன. உள்நாட்டவரின் முதல் வங்கியாகிய குவைத் தேசிய வங்கி 1952இல் தோன்றியது. மறு ஆண்டு, நாட்டின் உபரிப் பணத்தை முதலீடு செய்ய இலண்டனில் ஒரு முதலீட்டு வாரியம் அமைக்கப்பட்டது. வட்டியற்ற முறையில் இயங்கும் குவைத் நிதி இல்லம் 1977இல் நிறுவப்பட்டது. இவையெல்லாம் நன்மையான முயற்சிகளே.

1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது. மக்கள் கையில் பணம் குவிந்தது. அதிகாரப்பூர்வமான பங்குச் சந்தையில் விலைகள் ஏறின, 1977இல் விழுந்தன. இழந்தவர்கள் அரசிடம் முறையிட்டார்கள். அரசோ ஒரு விலையை நிர்ணயித்து, அவர்களின் பங்குகளைத் தானே வாங்கிக்கொண்டு கைதூக்கி விட்டது. இரக்கத்தால் செய்த காரியம்தான். ஆனால் சூதாடித் தோற்ற மகனின் கடனைத் தந்தை அடைத்துவிட்டால், அந்த மகன் என்ன பாடம் கற்பான்? லாபம் வந்தால் எனக்கு, நட்டம் வந்தால் அரசுக்கு என்றே கற்பான். குவைத் முதலீட்டாளர்களும் அதையே கற்றார்கள்.

அரசு இன்னொன்றும் செய்தது. புதிய கம்பெனிகள் தொடங்குவதற்கும், அதிகாரப்பூர்வச் சந்தையில் நுழைவதற்கும் கடுமையான விதிகளை விதித்தது. அந்தச் சந்தையோ சில பழம்பெரும் வணிகக் குடும்பங்களின் பிடியில் இருந்தது. புதிதாகப் பணம் கண்டவர்கள் வேறு இடம் தேடினார்கள். அவர்கள் கண்டுகொண்ட இடமே ஸூக்குல் மனாக். பஹ்ரைனிலும் அமீரகத்திலும் பதிவு செய்யப்பட்ட ‘வளைகுடாக் கம்பெனிகள்’ அங்கே கைமாறின. அரசின் கண்காணிப்பு அச்சந்தைக்கு இல்லை.

காசோலைமேல் கட்டிய கோட்டை

மனாக் சந்தை எவ்வாறு இயங்கியது என்பதை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு பங்கின் அன்றைய ரொக்க விலை 100 தினார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவரிடம் ரொக்கம் இல்லை. ஓராண்டு கழித்த தேதியிட்டு 200 தினாருக்கு ஒரு காசோலை எழுதிக் கொடுக்கிறார். பங்கு அவர் பெயருக்கு வருகிறது. அதை உடனே ரொக்கத்துக்கு விற்கிறார். அல்லது வங்கியில் ஈடு வைக்கிறார். வந்த பணத்தில் இன்னும் பல பங்குகளுக்குக் காசோலை எழுதுகிறார். காசோலை பெற்றவரும் சும்மா இருப்பதில்லை. 200 தினார் காசோலையை வேறொருவரிடம் 150க்கோ 160க்கோ கொடுத்து ரொக்கமாக்கிக் கொள்கிறார். அவரும் அந்தப் பணத்துடன் மீண்டும் சந்தைக்குள் வருகிறார்.

விலை ஏறிக்கொண்டே இருக்கும்வரை எல்லாரும் செல்வந்தர்கள்! காசோலைத் தேதி வருமுன் பங்கின் விலை அதைவிட மேலே போய்விடும் என்பதே அனைவரின் நம்பிக்கை. ரொக்க விலைக்கும் தவணை விலைக்கும் இடையே ஆண்டுக்கு நூறு விழுக்காட்டையும் தாண்டிய வேறுபாடு வழக்கமாயிற்று. விற்கப்பட்ட கம்பெனிகளில் பலவற்றுக்குத் தொழிற்சாலையோ வணிகமோ கிடையாது. பங்குதாரர்களிடம் திரட்டிய பணமே அவற்றின் சொத்து. அந்தப் பணத்தையும் சில கம்பெனிகள் அதே சந்தையில்தான் போட்டிருந்தன. இருந்தும், மொத்த மதிப்பில் குவைத் பங்குச் சந்தை அமெரிக்கா, ஜப்பான் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக உலகில் மூன்றாவது என்று கணக்கிடும் நிலை வந்தது. ‘மனாக்கின் குதிரைவீரர்கள்’ என்று புகழப்பட்ட எட்டுப் பேர் சந்தையை ஆட்டிப் படைத்தார்கள்.

குவைத் சட்டப்படி, காசோலையில் எந்தத் தேதி இருந்தாலும் வங்கியில் நீட்டியவுடன் பணம் கேட்கலாம். தேதி வரை காத்திருப்பது வெறும் வழக்கமே. ஒருவர் மற்றவர்மீது வைத்த நம்பிக்கையே. நம்பிக்கை என்ற அந்த ஒரே நூலில் ஒரு நாட்டின் பொருளாதாரம் தொங்கிக்கொண்டிருந்தது.

நூல் அறுந்த நாள்

1982ஆம் ஆண்டு எண்ணெய் விலை தளரத் தொடங்கியிருந்தது. அண்டையில் ஈரான்-ஈராக் போர் நடந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதம், சந்தையின் பெரும்புள்ளி ஒருவர் எழுதிக் கொடுத்த காசோலை வங்கியில் நீட்டப்பட்டது. கணக்கில் பணம் இல்லை, காசோலை திரும்பியது. செய்தி பரவியது. ஒவ்வொருவரும் தம் கையிலிருந்த காசோலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பங்குகளை வாங்க ஆளில்லை.

அரசு, அனைவரும் தம்மிடமுள்ள பின்தேதியிட்ட காசோலைகளைப் பதிவு செய்ய ஆணையிட்டது. வந்து சேர்ந்தவை ஏறத்தாழ 29,000 காசோலைகள். சம்பந்தப்பட்டவர்கள் சுமார் 6,000 பேர். தொகையோ, குவைத் நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகம். அதில் பெரும்பகுதி அந்த எட்டுப் பேருடையது.

ஒருவர் தரவேண்டியதை அவர் பெறவேண்டியதற்கு ஈடுசெய்து கழித்தபோது அந்தத் தொகை பெருமளவு சுருங்கிப்போனது. அதாவது, இருந்ததாக எண்ணப்பட்ட செல்வத்தில் பெரும்பகுதி ஒருபோதும் இருந்ததே இல்லை! ஆனால் அந்தச் செல்வத்தை நம்பி வீட்டை விற்றவர்களும், வங்கியில் வாங்கிய கடனைப் போட்டவர்களும் உண்மையாகவே இழந்தார்கள்.

அரசு மீண்டும் பொதுப் பணத்தை எடுத்தது. சிறு முதலீட்டாளர்களுக்குப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. தீர்வு முறையில் எழுந்த கருத்து வேறுபாட்டால் நிதியமைச்சர் அப்துல் லத்தீஃப் அல்ஹமத் 1983இல் பதவி விலகினார். 1984இல் ஸூக்குல் மனாக் மூடப்பட்டது. நோய் அத்துடன் தீரவில்லை. பங்குகளை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்த வங்கிகளைச் சோதித்தபோது, குவைத் தேசிய வங்கி ஒன்றைத் தவிர ஏனைய வணிக வங்கிகளின் கையிருப்பு அவற்றின் கடன்பாட்டுக்கு ஈடாக இல்லை எனத் தெரியவந்தது. 1986இல் வாராக்கடன்களுக்கெனத் தனித் திட்டம் வகுக்கப்பட்டது. ஆக்கிரமிப்பும் விடுதலையும் கடந்த பின்னர், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத்தான் அந்தக் கடன்களை அரசு ஏற்று முடிவு கட்ட முயன்றது. சில ஆண்டு ஆசைக்குப் பத்தாண்டுக்கு மேல் விலை கொடுக்கப்பட்டது.

மர்வான் ஆட்சியில் ஒரு நிகழ்வு

சகோதரர்களே! இந்த நோய் புதியதன்று. இதற்கான மருந்தும் புதியதன்று. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம் முவத்தாவில் ஒரு நிகழ்வைப் பதிவு செய்துள்ளார்கள். மர்வான் பின் ஹகம் மதீனாவின் ஆளுநராக இருந்த காலம். ‘ஜார்’ என்பது செங்கடலோரத் துறைமுகம். அங்கு வந்திறங்கும் தானியத்தில் இன்னாருக்கு இவ்வளவு என்று மக்களுக்குச் சீட்டுகள் வழங்கப்பட்டன. ‘ஸக்’ என்பது அந்தச் சீட்டின் பெயர். மக்கள் தானியத்தைக் கையில் பெறுமுன்னரே சீட்டுகளை ஒருவருக்கொருவர் விற்கவும் வாங்கவும் தொடங்கினார்கள்.

ஜைத் பின் ஸாபித் (ரலி) அவர்களும் மற்றொரு நபித்தோழரும் நேரே மர்வானிடம் சென்றார்கள். வட்டி வியாபாரத்தை ஆகுமாக்கி விட்டீரா என்று கேட்டார்கள். மர்வான் திடுக்கிட்டு அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார். சீட்டு வணிகத்தை அவர்கள் எடுத்துச் சொன்னதும், காவலர்களை அனுப்பி, விற்கப்பட்ட சீட்டுகளை மக்களின் கைகளிலிருந்து வாங்கி உரியவர்களிடமே திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

சிந்தித்துப் பாருங்கள்! சந்தை சரியவில்லை, எவரும் முறையிடவில்லை, எவரும் இன்னும் அழியவில்லை. அதற்கு முன்பே மார்க்கம் அறிந்தவர்கள் எழுந்து சென்று தடுத்தார்கள்; ஆட்சியாளரும் செவிசாய்த்தார். மனாக் சந்தைக்கோ தீ முற்றிய பிறகுதான் தண்ணீர் வந்தது. மார்க்கச் சட்டம் அறியாதவர் நம் சந்தையில் வணிகம் செய்ய வேண்டாம் என்று உமர் (ரலி) அவர்கள் ஆணையிட்டதன் ஆழம் இப்போது விளங்குகிறதல்லவா?

மார்க்கம் வகுத்த எல்லைகள்

தொழிலில் பங்கு சேர்வதை இஸ்லாம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்களே நபித்துவத்துக்கு முன் கதீஜா (ரலி) அவர்களின் பொருளைக் கொண்டு சிரியாவுக்கு வணிகம் செய்யப் போயிருக்கிறார்கள். தவணையில் விற்பதும், கடன் வாங்குவதும் ஆகுமானவையே. கடனை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரிவாகக் கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் என்பதை நாம் அறிவோம்.

அப்படியாயின் மனாக் எங்கே எல்லை தாண்டியது?

முதலாவது, கையில் இல்லாததை விற்றது. ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள், தம்மிடம் இல்லாத பொருளை ஒருவருக்கு விற்றுவிட்டுப் பின்னர் சந்தையில் வாங்கிக் கொடுப்பதைப் பற்றிக் கேட்டபோது, தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள்.

இரண்டாவது, கடனைக் குறைந்த ரொக்கத்துக்கு விற்றது. ஓராண்டு கழித்து வரும் 200 தினாரை இன்று 160 தினாருக்குக் கொடுப்பது, பணத்துக்குப் பணம் கூடுதலாக வாங்குவதேயாகும். காசோலை என்று பெயர் மாறினாலும் அது வட்டியே.

மூன்றாவது, நாம் பெரிதும் கவனியாத ஒன்று. தங்கம், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீத்தம்பழம், உப்பு ஆகிய ஆறைப் பற்றி உபாதா பின் ஸாமித் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் பிரபலமானது. ஒரே இனமாயின் சமமாகவும் கைக்குக் கையும் மாற்ற வேண்டும். பணத்துக்குப் பணமாக இனம் வேறாயின் அளவு கூடலாம், ஆனால் கைக்குக் கைதான் மாற்ற வேண்டும். நாணய மாற்றுக்கு இதுவே அடிப்படை. ரூபாயைக் கொடுத்து தினார் வாங்கும் நம் சகோதரர்கள், அந்த இடத்திலேயே கொடுத்து வாங்கினால் ஆகுமாகும். ஒன்றை நாளைக்கு என்று தள்ளிவைத்தால் ஆகாது. பங்கு வணிகத்துக்கும் இந்தச் சட்டம் வந்து சேரும். ஒரு கம்பெனியிடம் கட்டடமோ சரக்கோ இல்லாமல் திரட்டிய பணம் மட்டுமே இருக்குமாயின், அதன் பங்கை வாங்குவது பணத்துக்குப் பணம் மாற்றுவதே என்பர் சட்ட அறிஞர்கள். அத்தகைய பங்கை அதன் பண மதிப்பைவிடப் பன்மடங்குக்கு, அதுவும் தவணையில், விற்றால் அது என்னவாகும்? மனாக்கில் பெரும்பாலும் நடந்தது இதுவே.

இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1992இல் ஜித்தாவில் கூடியபோது, ஹலாலான தொழில் செய்யும் கம்பெனியின் பங்கை வாங்குவதை அனுமதித்தது. தம்மிடம் இல்லாத பங்கை விற்பதையும், பிற்காலத் தேதிக்குப் பேரம் பேசும் ஒப்பந்த வணிகங்களையும் தடுத்தது.

கடனாளிக்கு உதவி, சூதாடிக்கு?

ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இறந்தவர் மூன்று தினார் கடன் வைத்திருந்தார். அதை அடைக்க எதையும் விட்டுச் செல்லவில்லை. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுகை நடத்துங்கள் என்று கூறி நபி (ஸல்) அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்ற பின்னரே தொழுகை நடத்தினார்கள். ஸலமா பின் அக்வஃ (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. மூன்று தினாருக்கு இந்த நிலை! கோடிக்கணக்கான தினாருக்குக் காசோலை எழுதியவர்கள் மரணத்தை எப்படி மறந்தார்கள்?

பின்னர் வெற்றிகள் கிட்டிப் பொதுநிதியில் பொருள் சேர்ந்தபோது, கடனோடு இறந்த ஏழையின் கடனை நபி (ஸல்) அவர்களே பொறுப்பேற்றார்கள். ஜகாத் பெறத் தகுதியானவர்களில் கடனாளிகளும் உள்ளனர். ஆனால் பாவமான காரியத்துக்காகக் கடன் பட்டவருக்கு, அவர் தவ்பா செய்தாலன்றி, ஜகாத்திலிருந்து கொடுக்கலாகாது என்று ஷாஃபிஈ சட்ட நூற்கள் கூறுகின்றன. இது எத்தகைய தெளிவு! வறுமையால் கடன்பட்டவரைச் சமுதாயம் தூக்கிவிட வேண்டும். பேராசையால் கடன்பட்டவருக்கோ முதலில் திருந்தும் வழி காட்டப்பட வேண்டும். 1977இல் குவைத் அரசு இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. அதன் பலன் 1982இல் வந்தது.

பிறவாத பிள்ளைகளின் பங்கு

இந்த வரலாற்றில் ஒளியான ஒரு பக்கமும் உண்டு. 1976ஆம் ஆண்டு குவைத் ஒரு சட்டம் இயற்றியது. நாட்டின் வருமானத்தில் ஆண்டுதோறும் பத்து விழுக்காட்டை ‘வருங்காலத் தலைமுறையினரின் நிதி’ என்று ஒதுக்கி, முதலீடு செய்துவர வேண்டும் என்பதே அது. எண்ணெய் ஒருநாள் வற்றும். அன்று வாழும் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு என்ற எண்ணத்தில் பிறந்த சட்டம். 1990இல் நாடே பறிபோய் மக்கள் அகதிகளாக நின்றபோது, வெளிநாட்டில் சேர்த்துவைத்த செல்வமே அவர்களுக்குச் சோறு போட்டது. விடுதலைக்குப் பின் நாட்டைக் கட்டவும் உதவியது.

உமர் (ரலி) அவர்களின் முன்மாதிரி இங்கே நினைவுக்கு வருகிறது. ஈராக்கின் வளமான ‘ஸவாத்’ நிலங்கள் முஸ்லிம்களின் கைக்கு வந்தபோது, அவற்றைப் படைவீரர்களுக்குப் பங்கிட வேண்டுமெனச் சிலர் கோரினர். அப்படிச் செய்தால் பின்னால் வருபவர்களுக்கு என்ன மிஞ்சும் என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டார்கள். தமக்குப் பின் வருவோரைப் பற்றிப் பேசும் அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 10ஆம் வசனத்தை ஆதாரமாகக் கொண்டு, நிலத்தை உழுபவர்களிடமே விட்டுவிட்டு, அதன் வரியை எல்லாத் தலைமுறைக்கும் உரிய பொதுநிதியாக்கினார்கள்.

ஒரே நாடு, ஒரே எண்ணெய், ஏறக்குறைய ஒரே காலம். ஒருபுறம் பிறவாத பிள்ளைகளுக்காகச் சேமித்தார்கள். மறுபுறம் பிறந்த பிள்ளைகளின் வீட்டையும் சந்தையில் வைத்தார்கள். இரண்டும் முதலீடு என்ற ஒரே பெயரில்தான் நடந்தன.

நம் வீட்டு வாசலில்

மனாக் கட்டடம் மூடப்பட்டது. ஆனால் அந்த வணிகம் மூடப்பட்டதா? கைவசம் இல்லாத பங்கை, சிறு முன்பணம் கட்டி, நாளைய தேதிக்கு வாங்கி விற்கும் வணிகம் இன்று கைப்பேசியில் நடக்கிறது. இந்தியப் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் இத்தகைய வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்கிறது அது. அயல்நாட்டு நாணயத்தில் பத்து மடங்கு, நூறு மடங்கு பேரம் பேசலாம் என்று விளம்பரம் செய்யும் அனுமதியற்ற தளங்களைப் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2022 முதல் எச்சரிக்கைப் பட்டியலே வெளியிட்டு வருகிறது. அங்கே டாலரும் கைக்கு வருவதில்லை, ரூபாயும் முழுதாகக் கொடுக்கப்படுவதில்லை. விலையின் ஏற்ற இறக்கத்தின்மேல் பந்தயம் மட்டுமே நடக்கிறது.

இதில் போவது யாருடைய பணம்? வளைகுடா வெயிலில் நின்று தந்தை அனுப்பிய பணம். மகளின் திருமணத்துக்கென்று தாய் சேர்த்த நகை. சகோதரனின் படிப்புக்கு வைத்திருந்த தொகை. ஆகவே ஒவ்வொரு குடும்பத்தாரும் முதலீடு செய்யுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கும் பொருள் உண்மையிலேயே இருக்கிறதா, அந்தத் தொழில் ஹலாலானதா? அது நம் கைக்கும் உரிமைக்கும் வருகிறதா? போடும் பணம் நம்முடையதா, கடனா? இவற்றில் ஒன்றுக்கேனும் தெளிவான விடை இல்லையெனில், உங்கள் மஹல்லாவின் ஆலிமை அணுகி விளக்கம் கேளுங்கள். இளைஞர்கள் இழந்துவிட்டு வந்து அழும்போது கேட்பதைவிட, மதீனாவின் அந்த இரு தோழர்களைப்போல் முன்கூட்டியே எடுத்துச் சொல்வது உலமாக்களுக்கும் பெற்றோருக்கும் கடமையாகும். ஏற்கெனவே இதில் சிக்கிக் கடன்பட்டவர் நம் வீட்டில் இருந்தால், அவரை இகழ்ந்து ஒதுக்கிவிடாதீர்கள். அதிலிருந்து விலகி தவ்பா செய்யத் துணைநில்லுங்கள். பட்ட கடனை எழுதிவைத்து, சிறுகச் சிறுக அடைக்க உதவுங்கள்.

ஒட்டகம் மண்டியிட்டால் சுமை இறங்கும். அதே இடத்தில் பேராசையின் முன் மண்டியிட்ட மனிதர்கள்மீதோ சுமை ஏறியது. அவர்களின் பிள்ளைகள் மீதும் ஏறியது. நாம் மண்டியிட வேண்டிய இடம் அல்லாஹ்வின் சந்நிதி ஒன்றே.

வல்ல அல்லாஹ் நமக்கு ஹலாலான ரிஸ்கையும் அதில் பரக்கத்தையும் தருவானாக! வட்டியிலிருந்தும் சூதிலிருந்தும் கடனின் சுமையிலிருந்தும் நம்மையும் நம் சந்ததியினரையும் காப்பானாக! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!